பட்டியலும் ஓர் அமானிதமே: உதவி பெறுவோர் விவரங்களை வெளியாருடன் பகிர்வது எப்படி?





கடந்த ரமலானில் நம் அறக்கட்டளையின் மளிகைப் பையைப் பெற்ற ஒரு சகோதரி, மூன்றாம் நாள் அதைப் பிரிக்காமலேயே திருப்பிக் கொண்டுவந்தார். அலுவலகத்தில் இருந்தவரிடம் அவர் சொன்னது ஒன்றுதான்: “உங்ககிட்ட மட்டும்தானே சொன்னேன், பாய்.”

அவர் தையல் வேலை செய்து பிள்ளைகளை வளர்ப்பவர். மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கும் நேரம். வீட்டில் உள்ள கடன் எவ்வளவு, கணவர் எத்தனை மாதமாகப் பணம் அனுப்பவில்லை என்பதையெல்லாம் நம் விசாரணைக்கு வந்த சகோதரியிடம் மனம் திறந்து சொல்லியிருந்தார். அது நம் பட்டியலில் ‘குறிப்பு’ என்ற கட்டத்தில் எழுதப்பட்டிருந்தது. அடுத்த தெருவில் இருக்கும் ஒருவர் அதே வார்த்தைகளை அவரிடமே வந்து சொல்லி, “அப்படியா?” என்று விசாரித்திருக்கிறார்.

யாரும் திருடவில்லை, யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. தவறு நம்முடையது. அந்தச் சகோதரியின் அனுமதியுடன், அவரை அடையாளம் காட்டும் விவரங்களை மாற்றி, நடந்ததை இங்கே எழுதுகிறோம். நம் பகுதியில் ஜகாத், ஃபித்ரா, கல்வி உதவி, மருத்துவ உதவி என்று பல ஜமாஅத்துகளும் இளைஞர் குழுக்களும் இப்போது செல்போனிலேயே பட்டியல் வைத்திருக்கிறார்கள். நாம் பட்ட சங்கடம் அவர்களுக்கும் வரக்கூடாது என்பதே நோக்கம்.

நடந்தது என்ன?

முன்பெல்லாம் பைத்துல்மால் கணக்கு ஒரு நீள நோட்டில் இருந்தது. நோட்டு பீரோவில், பீரோ சாவி செயலாளரிடம். இன்று அதே பட்டியல் இணையத்தில் இருக்கிறது. அதாவது நம் கணினியில் இல்லாமல், சேவை தரும் நிறுவனத்தின் சர்வரில் இருக்கும் அட்டவணை. இதைத்தான் ‘கிளவுட்’ என்கிறார்கள். இதில் நன்மை அதிகம். பொன்னேரியில் இருப்பவர் ஒரு பெயரைச் சேர்த்தால் கும்மிடிப்பூண்டியில் இருப்பவர் அந்த நிமிடமே பார்க்கலாம். நோட்டு நனைந்து போனது, தொலைந்து போனது என்ற பேச்சுக்கே இடமில்லை.

நம் அமைப்புக்குள் உள்ள நான்கைந்து பேர் மட்டும் பயன்படுத்தியவரை சிக்கல் இல்லை. வெளியாருக்குக் கொடுக்க வேண்டி வந்தபோதுதான் சிக்கல் தொடங்கியது. பைகளைக் கட்டி வீடுகளுக்கு அனுப்பும் பொறுப்பை ஒரு மளிகைக் கடையில் ஒப்படைத்தோம். கடைக்காரருக்கு முகவரி வேண்டும். பட்டியலை அவருடைய மின்னஞ்சலுக்கு மட்டும் திறந்துவிட நினைத்தோம். அவருக்கு மின்னஞ்சல் எது என்றே நினைவில்லை. போன் வாங்கியபோது மகன் போட்டுக் கொடுத்ததாம். இரண்டு முறை முயன்றும் ‘அனுமதி இல்லை’ என்றே வந்தது. பிறை தெரிய இரண்டு நாள்தான் இருந்தது. கடைசியில், ‘லிங்க் வைத்திருக்கும் யாரும் பார்க்கலாம்’ என்று மாற்றி வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டோம். குறிப்புக் கட்டத்தை மட்டும் மறைத்துவிட்டோம். அதுவே போதும் என்று நினைத்தோம்.

கடையில் வேலை செய்யும் பையன், கொடுத்து முடித்த வீடுகளுக்கு டிக் போடுவதற்காகப் பட்டியலை ஒரு நகல் எடுத்துக்கொண்டான். நகல் எடுத்தவனே அந்த நகலுக்கு உரிமையாளன். மறைத்த கட்டத்தை ஒரு தொடுதலில் விரித்துவிடலாம், அது விரிந்தது. பை கொண்டுபோகும் ஆட்டோக்காரர்களின் குழுவுக்கு அந்த நகல் போனது. அங்கிருந்து தெருவுக்குப் போனது.

வெளியார் யார்? அவர்களுக்கு எது தேவை?

இந்தச் சம்பவத்துக்குப் பிறகு நாம் முதலில் செய்த வேலை, நம்மிடம் பட்டியல் கேட்பவர்கள் யார் யார் என்று ஒரு தாளில் எழுதியது. எழுதிப் பார்த்தபோதுதான் ஒன்று விளங்கியது. எல்லோரும் ‘பட்டியல் அனுப்புங்கள்’ என்றே கேட்கிறார்கள். ஆனால் ஒவ்வொருவருக்கும் உண்மையில் தேவைப்படுவது மிகக் கொஞ்சம்.

பை கட்டும் கடைக்காரருக்கு எத்தனை பை, எந்த அளவு என்பது போதும். கொண்டுபோய்க் கொடுப்பவருக்கு அன்றைய நாளின் முகவரியும் ஒரு தொடர்பு எண்ணும் போதும். வளைகுடாவில் இருந்து ஜகாத் அனுப்பும் சகோதரருக்குத் தம் பணம் எத்தனை குடும்பத்துக்கு, எந்த வகையில் போய்ச் சேர்ந்தது என்ற கணக்குப் போதும், பெயர்கள் தேவையில்லை. சிப்காட் கம்பெனி ஒன்றின் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து கல்வி உதவி கிடைத்தால், மாணவரின் வகுப்பு, கல்லூரி, கட்டண ரசீது ஆகியவற்றைக் கேட்பார்கள். வீட்டில் யாருக்கு நோய் என்பது அவர்களுக்கு வேண்டாம். தணிக்கையாளருக்கு ரசீதும் தொகையும் ஒத்துப்போக வேண்டும். பக்கத்து ஜமாஅத்துக்கு, ஒரே குடும்பம் இரண்டு இடத்தில் பதிவாகியிருக்கிறதா என்று மட்டும் தெரிய வேண்டும்.

நாமோ இவர்கள் எல்லோருக்கும் ஒரே லிங்க்கைத்தான் கொடுத்துவந்தோம்.

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. நம் பகுதியில் ஒப்பந்தத் தொழிலாளர்கள் அதிகம். பீகார், ஒடிசா, அசாம், மேற்கு வங்கத்திலிருந்து வந்து கம்பெனிகளைச் சுற்றி அறை எடுத்துத் தங்கியிருப்பவர்களும் நம்மிடம் உதவிக்கு வருகிறார்கள். ஒருவருக்குக் காசநோய் மருந்துக்கு உதவினோம் என்ற ஒரு வரி, வேலைக்கு ஆள் எடுக்கும் ஒப்பந்தக்காரரின் கண்ணில் பட்டால் அடுத்த மாதம் அவருக்கு வேலை இருக்குமா? பெயர், போன் எண், வாங்கிய தொகை மூன்றும் ஒரு மோசடிக்காரர் கையில் கிடைத்தால், “டிரஸ்ட்டிலிருந்து பேசுகிறோம், உங்கள் பணம் வந்திருக்கிறது, ஓடிபி சொல்லுங்கள்” என்று கேட்பது எவ்வளவு எளிது! நம் ஊர்ப் பெயரையும் தொகையையும் சரியாகச் சொல்பவரை யார்தான் சந்தேகிப்பார்கள்?

எரிச்சல் எங்கே தொடங்குகிறது?

இந்தச் செயலிகளைப் பயன்படுத்தும் நம் தன்னார்வலர்கள் அலுத்துக்கொள்வதில் நியாயம் உண்டு. நமக்கு வேண்டியது ஒரு பகுதியை மட்டும் கொடுப்பது. ஆனால் பெரும்பாலும் முழுக் கோப்பைக் கொடு, இல்லையென்றால் ஒன்றும் கொடுக்காதே என்ற நிலைதான்.

பலரும் பயன்படுத்தும் கூகுள் ஷீட்ஸையே எடுத்துக்கொள்வோம். அதில் அனுமதி என்பது முழுக் கோப்புக்கும் சேர்த்துத்தான். ஒரு கோப்பில் ரமலான் பை, கல்வி உதவி, மருத்துவ உதவி என்று மூன்று தாள்கள் இருந்தால், ஒரு தாளை மட்டும் ஒருவருக்குக் காட்ட வழியில்லை. அதில் ‘பாதுகாக்கப்பட்ட பகுதி’ என்று ஒரு வசதி இருக்கிறது. பெயரைப் பார்த்துப் பலர் ஏமாந்துபோகிறார்கள். அது மற்றவர் திருத்தாமல் தடுக்குமே தவிர, பார்ப்பதைத் தடுக்காது.

ஏர்டேபிள் போன்ற அட்டவணைச் செயலிகளில், தேர்ந்தெடுத்த கட்டங்கள் மட்டும் தெரியும்படி ஒரு ‘பார்வை’யை உருவாக்கி, அதன் லிங்க்கை மட்டும் கொடுக்கலாம். இது நல்ல வசதி. ஆனால் வெளியார் பார்ப்பதோடு நிற்காமல் நேரடியாகத் திருத்தவும் வேண்டுமென்றால், கட்டணத் திட்டங்களில் தலைக்கு இவ்வளவு என்று பணம் கட்ட வேண்டும். ரமலானில் 10 நாள் வரும் 20 மாணவர்களுக்காக எந்தச் சிறிய அறக்கட்டளை அதைக் கட்டும்?

பெரிய தரவுத்தள மென்பொருள்களில் இதற்கு முறையான தீர்வு உண்டு. கணினி படிக்கும் நம் பிள்ளைகளுக்குப் போஸ்ட்கிரெஸ் தெரிந்திருக்கும். 2016 ஜனவரியில் வந்த அதன் 9.5 பதிப்பிலிருந்து, யார் உள்ளே வருகிறாரோ அவருக்குரிய வரிகள் மட்டும் தெரியும்படி விதி எழுதலாம். ஆனால் அதை அமைக்கவும் பராமரிக்கவும் தெரிந்த ஆள் எப்போதும் வேண்டும். படித்து முடித்த பிள்ளை வேலைக்குப் பெங்களூர் போய்விட்டால் பிறகு யார் பார்ப்பது?

மற்ற தொல்லைகளும் உண்டு. அனுமதி கேட்டு இரவு 11 மணிக்கு மின்னஞ்சல் வரும். யார் என்றே தெரியாத முகவரியாக இருக்கும். கம்பெனி அதிகாரி தம் அலுவலகக் கணினியில் வெளி லிங்க் திறக்காது என்பார். தனி நகல் அனுப்பினால், இங்கே மாற்றிய போன் எண் அங்கே மாறாது. ஒருவர் வீடு மாறியது தெரியாமல் பை பழைய முகவரிக்குப் போகும். இரண்டு வருடத்துக்கு முன் உதவிக்கு வந்த மாணவரின் பெயர் இன்னும் அனுமதிப் பட்டியலில் இருக்கும்.

இந்த எரிச்சல்தான் நம்மைக் குறுக்குவழிக்குத் தள்ளுகிறது. ‘எல்லோருக்கும் திறந்துவிடு, வேலை முடியட்டும்’ என்று சொல்ல வைக்கிறது. நம் அலுப்புக்கு அந்தச் சகோதரி விலை கொடுத்தார்.

மறைப்பது வேறு, நீக்குவது வேறு

நாம் செய்த தவறைப் பெரிய அரசாங்கங்களும் செய்திருக்கின்றன.

2023 ஆகஸ்ட் 8 அன்று வட அயர்லாந்து காவல்துறை, தகவல் கேட்ட ஒருவருக்குப் பதிலாக ஓர் எக்செல் கோப்பை வெளியிட்டது. கேட்டது எண்ணிக்கை மட்டும். கோப்பில் மறைந்திருந்த ஒரு தாளில் காவல்துறையில் பணியாற்றும் 9,483 பேரின் குடும்பப்பெயர், முதலெழுத்து, பதவி, பணியிடம் எல்லாம் இருந்தன. இரண்டு மூன்று மணி நேரத்தில் எடுத்துவிட்டார்கள். ஆனால் அதற்குள் அது வெளியே போய்விட்டது. உயிருக்கு மிரட்டல் உள்ள பணி அது. பின்னர் அந்நாட்டுத் தகவல் ஆணையர் அந்தத் துறைக்கு ஏழரை லட்சம் பவுண்டு அபராதம் விதித்தார்.

இன்னொன்று நம் மனதை இன்னும் வருத்துவது. 2022 பிப்ரவரியில், பிரிட்டனுக்கு இடம்பெயர விண்ணப்பித்த ஆப்கானியர்களின் பட்டியல் ஒன்றைப் பிரிட்டன் பாதுகாப்பு அமைச்சகத்தைச் சேர்ந்த ஒருவர் வெளியே அனுப்பினார். சுமார் 150 பேரின் விவரம் மட்டுமே இருப்பதாக அவர் நினைத்திருந்தார். கோப்பிலோ ஏறக்குறைய 19,000 பேரின் விவரம் இருந்தது. அந்தக் குடும்பங்களின் உயிரே அந்தக் கோப்பில் இருந்தது. இது 2025 ஜூலையில்தான் உலகுக்குத் தெரியவந்தது.

நம் நாட்டிலும் நடந்திருக்கிறது. மத்திய, மாநில அரசுத் துறைகள், கல்வி நிறுவனங்கள் என்று சுமார் 210 இணையதளங்கள் பயனாளிகளின் பெயர், முகவரியோடு ஆதார் எண்ணையும் பொதுவில் காட்டிக்கொண்டிருந்ததாக 2017இல் ஆதார் ஆணையமே தெரிவித்தது. உதவித் திட்டத்தில் பெயர் இருந்ததால் வெளியான விவரங்கள் அவை.

மூன்றிலிருந்தும் நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் ஒன்றுதான். மறைத்தது கோப்பிலேயே இருக்கிறது. வெளியே போகக்கூடாத ஒன்று, வெளியே போகும் கோப்பில் இருக்கவே கூடாது.

மார்க்கமும் சட்டமும்

அமானிதங்களை உரியவரிடம் ஒப்படைக்கும்படி அந்நிஸா அத்தியாயத்தின் 58ஆம் வசனம் ஏவுவதை நாம் அறிவோம். அமானிதம் என்றால் பணமும் நகையும் மட்டுமல்ல. ஒருவர் நம்மை நம்பிச் சொன்ன செய்தியும் அமானிதமே. தர்மத்தை மறைத்துக் கொடுப்பதன் சிறப்பை அல்பகராவின் 271ஆம் வசனம் சொல்கிறது. அதே அத்தியாயத்தின் 273ஆம் வசனம், வாய் திறந்து கேட்காமல் மானத்தோடு வாழும் ஏழைகளைப் பற்றிப் பேசுகிறது. அப்படிப்பட்டவர்களைத் தேடிப் போய்ப் பட்டியலில் சேர்த்துவிட்டு, அந்தப் பட்டியலைத் தெருவில் போட்டால் நாம் செய்தது உதவியாகுமா?

நாட்டின் சட்டமும் இதே திசையில் வந்திருக்கிறது. தனிமனித அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, நீதிபதி புட்டசுவாமி தொடுத்த வழக்கில் 2017 ஆகஸ்ட் 24 அன்று தீர்ப்பளித்தது. 2023இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முக்கியக் கடமைகள் நடைமுறைக்கு வர 18 மாத அவகாசம் தரப்பட்டுள்ளது. இது பெரிய கம்பெனிகளுக்கான சட்டம் என்று நினைத்துவிடக் கூடாது. பிறர் விவரங்களைக் கணினியிலோ போனிலோ சேர்த்து வைக்கும் நம்மைப் போன்ற அமைப்புகளுக்கும் பொருந்தும்.

அதில் நாம் மனதில் வைக்க வேண்டியவை நான்கு. எதற்காக விவரம் கேட்கிறோம் என்று எளிய மொழியில் சொல்லிச் சம்மதம் பெற வேண்டும். தமிழில் கேட்கும் உரிமை குடும்பங்களுக்கு உண்டு. 18 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளின் விவரத்துக்குப் பெற்றோரின் சம்மதம் வேண்டும். விவரம் கசிந்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கும் அதற்கான வாரியத்துக்கும் தெரிவிக்க வேண்டும். நம் சார்பில் வேறொருவர் வேலை செய்தாலும் பொறுப்பு நம்முடையதே. பாதுகாப்பில் தவறினால் அபராதத்தின் உச்சவரம்பு 250 கோடி ரூபாய். நம்மைப் போன்றவர்களுக்கு அந்த அளவு வருமா என்பது வேறு விஷயம். தெரியாமல் செய்தோம் என்று சொல்லும் காலம் முடிந்துவிட்டது.

நாம் இப்போது செய்யும் முறை

பெரிய செலவு எதுவும் செய்யவில்லை. பழக்கத்தைத்தான் மாற்றினோம்.

1. தாய்ப் பட்டியல் ஒன்றே. முழு விவரமும் உள்ள கோப்பை மூன்று பேர் மட்டும் திறக்க முடியும். அது தனிநபரின் மின்னஞ்சலில் இல்லாமல் அறக்கட்டளையின் கணக்கில் இருக்கிறது. பொறுப்பாளர் மாறினாலும் பட்டியல் அவரோடு போகாது. லாபநோக்கற்ற அமைப்புகளுக்குக் கூகுள் இலவசத் திட்டம் தருகிறது. பதிவு பெற்ற அறக்கட்டளைகள் விண்ணப்பிக்கலாம்.

2. பெயருக்குப் பதில் எண். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு குறியீட்டு எண். கடைக்காரருக்குப் போவது எண்ணும் பையின் அளவும் மட்டுமே. எந்த எண் யார் வீடு என்பது தாய்ப் பட்டியலில் மட்டும் இருக்கும்.

3. ஒவ்வொரு வெளியாருக்கும் தனிக் கோப்பு. தனித் தாள் போதாது, தனிக் கோப்பாகவே இருக்க வேண்டும். அவருக்குத் தேவையான நெடுவரிசைகள் மட்டும் அதில் இருக்கும். கையால் நகல் எடுத்தால் பழையதாகிவிடும் என்ற சிக்கலுக்கு, கூகுள் ஷீட்ஸில் ‘இம்போர்ட்ரேஞ்ச்’ என்ற சூத்திரம் உதவுகிறது. தாய்ப் பட்டியலில் ஓர் எண்ணை மாற்றினால் சிறு கோப்பிலும் தானே மாறும். ஓர் எச்சரிக்கை: அந்தச் சிறு கோப்பைத் திருத்தும் அனுமதி பெற்றவர், சூத்திரத்தை மாற்றித் தாய்ப் பட்டியலின் மற்றப் பகுதிகளையும் இழுத்துவிட முடியும். ஆகவே வெளியாருக்குப் பார்க்கும் அனுமதி மட்டுமே.

4. பதில் வருவது படிவம் வழியாக. ‘கொடுத்தாயிற்று’ என்று தெரிவிக்க யாரும் பட்டியலைத் திருத்த வேண்டியதில்லை. ஒரு கூகுள் படிவத்தில் குடும்ப எண்ணைப் போட்டு அனுப்பினால் போதும். அவர் எழுதுவது நமக்கு வரும். நம்மிடம் உள்ளது அவருக்குத் தெரியாது.

5. மின்னஞ்சல் இல்லாதவருக்குத் தாள். அன்றைய முகவரிகளை அச்சிட்டுக் கொடுத்து, மாலையில் திரும்ப வாங்கிக் கிழித்துவிடுகிறோம். ‘லிங்க் உள்ள யாரும்’ என்ற அமைப்பை இப்போது எதற்குமே பயன்படுத்துவதில்லை.

6. இரண்டு சிறு பொத்தான்கள். பகிரும் இடத்தில் உள்ள அமைப்புகளில், ‘திருத்துபவர்கள் பிறருக்குப் பகிரலாம்’ என்பதையும், ‘பார்ப்பவர்கள் பதிவிறக்கலாம், அச்சிடலாம், நகலெடுக்கலாம்’ என்பதையும் அணைத்துவிடுகிறோம். ஸ்கிரீன்ஷாட் எடுப்பதை இது தடுக்காது. ஆகவே இது மூன்றாம் விதிக்கு மாற்று அல்ல, கூடுதல் பூட்டு மட்டுமே.

7. எழுதாதது கசியாது. முழு ஆதார் எண்ணை இப்போது நாம் பதிவதில்லை. அடையாளம் பார்க்க வேண்டுமென்றால், கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் ‘மறைக்கப்பட்ட ஆதார்’ போதும்; அதை ஆதார் ஆணையத்தின் தளத்திலேயே எடுக்கலாம். குறிப்புக் கட்டத்தில் கடன், நோய், குடும்பச் சண்டை எதுவும் எழுதுவதில்லை. ‘நேரில் விசாரிக்கப்பட்டது, தகுதி உண்டு’ என்பதோடு முடிகிறது.

8. பெருநாள் கழிந்த முதல் வாரத்தில் கதவடைப்பு. இரண்டு பெருநாளுக்குப் பிறகும் உட்கார்ந்து, யார் யாருக்கு அனுமதி இருக்கிறது என்று பார்த்து, வேலை முடிந்தவர்களை நீக்குகிறோம்.

பக்கத்து ஜமாஅத்துடன் ஒப்பிடும் விஷயத்துக்கு எளிய வழி கிடைத்தது. இரு தரப்பும் பட்டியலை அனுப்பிக்கொள்வதில்லை. போன் எண்ணின் கடைசி ஐந்து இலக்கங்களை மட்டும் வரிசையாக எழுதி எடுத்துக்கொண்டு, ஒரு நாள் அஸருக்குப் பிறகு பள்ளிவாசலில் உட்கார்ந்து ஒப்பிடுகிறார்கள். ஒத்துப்போகும் எண்களைப் பற்றி மட்டும் பேசுகிறார்கள். அரை மணி நேர வேலை.

அவசர நேரத்தில்?

“வெள்ளம் வந்தால் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா?” என்று ஒரு இளைஞர் கேட்டார். நியாயமான கேள்வி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது சென்னையோடு நம் திருவள்ளூர் மாவட்டமும் தண்ணீரில் தத்தளித்தது நமக்கு மறக்காது. அப்போது பெயர், தெரு, போன் எண், வீட்டில் கர்ப்பிணி உண்டா, வயதானவர் உண்டா என்ற பட்டியல்கள் குழுவுக்குக் குழு போய்க்கொண்டிருந்தன. உயிர் காக்கும் நேரத்தில் அது தேவைதான். அப்போது தயங்கக் கூடாது.

ஆனால் தண்ணீர் வடிந்த பிறகும் அந்தப் பட்டியல்கள் அதே குழுக்களில் கிடந்தன. எந்த வீட்டில் தனியாக ஒரு முதியவள் இருக்கிறாள் என்ற செய்தி, வெள்ளத்தில் படகுக்கு உதவும். வெள்ளம் வடிந்தபின் வேறு யாருக்கோ உதவும். ஆகவே அவசரப் பட்டியலுக்கு ஒரு விதி வைத்திருக்கிறோம். திறக்கும் அன்றே மூடும் தேதியையும் மேலே எழுதிவிடுவது, அந்தத் தேதியில் பகிர்வை நிறுத்திவிட்டு, குழுக்களில் உள்ளதை அழிக்கச் சொல்லிக் கேட்பது. அதற்காகவே ஒருவரைப் பொறுப்பாக்குவது.

குடும்பங்கள் கேட்க வேண்டியவை

உதவி பெறும் குடும்பங்களுக்கும் ஒரு வார்த்தை. உதவி கேட்டு வந்தவர் கேள்வி கேட்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. நம்மிடமோ வேறு எந்த அமைப்பிடமோ விவரம் கொடுக்கும்போது தயங்காமல் கேளுங்கள்: இது எதற்கு? யார் யார் பார்ப்பார்கள்? எவ்வளவு நாள் வைத்திருப்பீர்கள்? தவறாக இருந்தால் திருத்துவீர்களா? வேண்டாம் என்றால் அழிப்பீர்களா? போட்டோ எடுக்க மறுப்பதும் உங்கள் உரிமை. போட்டோ கொடுக்காததால் நம்மிடம் யாருடைய உதவியும் நிற்காது.

அறக்கட்டளையின் பெயரைச் சொல்லி யார் ஓடிபி கேட்டாலும் கொடுக்காதீர்கள். நாம் ஒருபோதும் போனில் ஓடிபி கேட்பதில்லை. அப்படி அழைப்பு வந்தால் உடனே அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். நம் பட்டியல் எங்கோ கசிந்திருக்கிறது என்பதற்கு அதுவே முதல் அறிகுறியாக இருக்கலாம்.

தர்மம் கொடுக்கும் சகோதரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். “யாருக்குக் கொடுத்தீர்கள், பட்டியல் அனுப்புங்கள்” என்று கேட்பதில் உங்கள் அக்கறை தெரிகிறது. கணக்கைக் கேளுங்கள், ரசீதைக் கேளுங்கள், நேரில் வந்து பதிவேட்டைச் சரிபாருங்கள். அது உங்கள் உரிமை. பெயர்கள் உங்கள் போனுக்கு வர வேண்டாம்.

வீட்டில் பேசிப் பார்ப்போம்

1. நம் போனில் பிறர் வீட்டு விவரம் உள்ள பட்டியல்கள், லிங்க்குகள் எத்தனை இருக்கின்றன? வேலை முடிந்தவற்றை இன்றே அழித்துவிட்டோமா?
2. நாம் இருக்கும் குழுவில் உதவி கேட்டவரின் பெயரும் எண்ணும் வந்தால், அதை மேலே அனுப்பும் முன் யாரைக் கேட்க வேண்டும்?
3. நம் வீட்டுக் கஷ்டத்தை நம்பி ஒருவரிடம் சொன்னால், அவர் அதை எப்படிப் பாதுகாக்க வேண்டும் என்று எதிர்பார்ப்போம்? பிறருடையதை நாம் அப்படிப் பாதுகாக்கிறோமா?

அந்தச் சகோதரியின் வீட்டுக்கு நம் பொறுப்பாளர்களும் அவர்களின் வீட்டுப் பெண்களும் போய் மன்னிப்புக் கேட்டோம். அவர் கோபப்படவில்லை. “இனி யாருக்கும் இப்படி ஆகாம பாத்துக்கங்க” என்றார். மளிகைப் பையை அவர் இன்னும் வாங்கிக்கொள்ளவில்லை, நாமும் வற்புறுத்தவில்லை. மேலே உள்ள எட்டு விதிகளை அச்சிட்டு அலுவலகச் சுவரில் ஒட்டியிருக்கிறோம். மற்ற ஜமாஅத்தினர் கேட்டால் ஒரு பிரதி தருகிறோம். அந்தக் காகிதத்தை மட்டும் யாருக்கு வேண்டுமானாலும் தாராளமாகப் பகிரலாம்.

நம்மிடம் ஒப்படைக்கப்பட்டதைக் காப்பாற்றும் தகுதியை அல்லாஹ் நம் அனைவருக்கும் தருவானாக. ஆமீன்.